பின்னச்சின் மேல் நூற்றெட்டுக் கிலோ

ஜனவரி 22, புதன்

உறுதியானது: இன்று காலை 5.52-க்கு என் மருமகன் செந்தூரனின் பிக்கப் வண்டி ஏரி வளைவு ஏற்றத்தில் வழுக்கிக் குறுக்கே திரும்பியது. எதிர்த் தடத்துக்குள் போய், இறங்கி வந்த கார் ஒன்றில் மோதிவிட்டு இடப்பக்கப் பள்ளத்தில் விழுந்தது. ஆதாரம்: மாகாணப் பொலிஸ் பெண் அதிகாரி டுவால். பிற்பகல் 3.20-க்கு வீட்டுக்கு வந்து சொன்னார்.

செந்தூரனுக்கு இரண்டு விலா எலும்புகளில் வெடிப்பு. காரை ஓட்டிய பெண்ணுக்கு வயது ஐம்பத்தெட்டு. வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. இரண்டுக்கும் ஆதாரம் ஆஸ்பத்திரி. வேகம் மணிக்கு ஐம்பது கிலோமீற்றர். அங்கே எண்பது வரை போகலாம். இதற்கு ஆதாரம் செந்தூரன் மட்டும்.

யார் சொன்னது என்று குறிக்காமல் ஒரு வரியும் எழுதாதது முப்பத்துநான்கு வருடப் பத்திரிகைப் பழக்கம். யாழ்ப்பாணத்தில் ஓய்வு பெற்று, கடந்த செப்டம்பரில்தான் மகளுடன் இருக்க இந்த வட ஒன்ராறியோ ஊருக்கு வந்தேன். இது எனக்கு முதல் பனிக்காலம்.

செந்தூரன் பாடசாலை பஸ் ஓட்டுபவர். விடியுமுன் சொந்த பிக்கப்பில் டிப்போவுக்குப் போய் அங்கிருந்து பஸ்சை எடுப்பார். கவனயீனமாக ஓட்டியதாக வழக்குப் பதிவானால் அவரைப் பிள்ளைகளின் பஸ்சில் ஏற்ற முடியாது என்று கம்பனி இன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டது. வழக்கா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை.

வாசற்படியில் மணல் போட்டிருந்ததால் டுவால் வழுக்காமல் ஏறி வந்தார். சப்பாத்தைத் தட்டியபடி படியைப் பார்த்து, "யாரோ நன்றாகக் கவனிக்கிறார்கள்" என்றார். அது என் வேலை. டிசம்பர் 27 அன்று மகள் சுகிர்தா அந்தப் படியில் சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். அப்போது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. மறுநாளிலிருந்து ஒவ்வொரு நாளும் நான் மணல் தூவுகிறேன். இந்த வீட்டில் நான் செய்யும் உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

ஜனவரி 23, வியாழன்

வெளியே குளிர், மறை 19 பாகை. மணல் முடிந்துவிட்டது. சுகிர்தாவிடம் படிக்குத் தூவ உப்பு வாங்கி வரச் சொன்னேன்.

செந்தூரன் வீடு வந்தார். இருமினால் நோகிறதாம். பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தோம். சாப்பிட்டார்.

ஜனவரி 25, சனி

குகதாசனின் கராஜுக்குப் போனேன். எங்களைத் தவிர இந்த ஊரில் இருக்கும் ஒரே தமிழ்க் குடும்பம் அவருடையது, வல்வெட்டித்துறைக்காரர். நவம்பரில் செந்தூரனின் பிக்கப்புக்கு லிமிட்டட் ஸ்லிப் டிபரன்சியல் போட்டவர் அவர்தான். அது என்ன, விபத்தில் அதற்குப் பங்கு உண்டா என்று அறிய வேண்டியிருந்தது.

"ஐயா, பேப்பருக்குப் பேட்டி எடுக்கிற மாதிரி வாறியள். படமும் பிடிப்பியளோ? முகத்தைக் கழுவிப்போட்டு வாறன்."

"முதல்ல விளக்கமாச் சொல்லும் தம்பி. எனக்கு வண்டி தெரியாது."

மேசையில் இருந்த இரண்டு போத்தல் மூடிகளுக்கு நடுவே ஒரு பென்சிலை வைத்தார். மூடிகள் பின்சில்லுகள், பென்சில் அவற்றை இணைக்கும் அச்சு.

"இது பின்சில்லு மட்டும் இழுக்கிற வண்டி. சாதாரண டிபரன்சியல் எண்டா, இஞ்சின் குடுக்கிற பலம் லேசாச் சுத்துற சில்லுக்குப் போயிடும். ஒரு சில்லு ஐசில, மற்றது தாரில நிக்குது எண்டு வையுங்கோ. ஐசில நிக்கிறது விர்ரெண்டு சுத்தும். தாரில நிக்கிற கெட்டிக்காரன் கையைக் கட்டிக்கொண்டு நிப்பான். வண்டி அரக்காது, நிண்ட இடத்திலயே நிக்கும்."

"லிமிட்டட் ஸ்லிப் போட்டால்?"

"உள்ளுக்கை தட்டுகள் இருக்கு. ஒரு சில்லு தனியச் சுத்தத் துவங்கினா, அந்தத் தட்டுகள் நெரிச்சுப் பிடிச்சு மற்றச் சில்லுக்கும் பலத்தைக் குடுக்கும். பனிக் கும்பிக்குள்ள புதைஞ்ச வண்டி அப்பிடியே எழும்பி வரும். போன வருசம் செந்தூரன் டிப்போ வாசல்ல எத்தினை தரம் இறுகினவன் தெரியுமே? இந்த வருசம் ஒருக்காலும் இல்லை."

எப்போது அது உதவாது என்று கேட்டேன். எந்தக் கருவியைப் பற்றியும் நான் கேட்கும் இரண்டாவது கேள்வி அதுதான். குகதாசன் பென்சிலைக் கையில் எடுத்தார்.

"நல்ல கேள்வி. ரெண்டு சில்லும் ஒரே கண்ணாடி ஐசில நிண்டா. அப்ப பிடிச்சுக்கொள்ள ரெண்டுக்கும் ஒண்டுமில்லை. சாதாரண வண்டியில ஒண்டு சுத்தினாலும் மற்றது சும்மா உருளும். அந்தச் சும்மா உருளுறவன்தான் வாலை நேராப் பிடிச்சு வைச்சிருக்கிறவன். லிமிட்டட் ஸ்லிப்பில ரெண்டும் சேந்து சுத்தும், பிடிக்க ஆளில்லை. ரோட்டு எந்தப் பக்கம் சரிவோ, வால் அந்தப் பக்கம் போயிடும்."

ஏரி வளைவில் வீதி வலப்பக்கம் சரிவு. வால் வலப்பக்கம் போனால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். அங்கேதான் எதிர்த் தடம். டுவால் சொன்னதுடன் பொருந்துகிறது.

"அப்ப ஏன் போட்டனீர்?"

"போட்டுட்டு விடுறேல்ல ஐயா, பாரமும் வைக்கிறது. பிக்கப்புக்கு முன்னுக்கு இஞ்சின், பின்னுக்கு வெறும் பெட்டி. பின்சில்லுக்கு மேல ஒண்டுமே இல்லை. அச்சுக்கு மேல பாரம் இருந்தாத்தான் ரயர் நிலத்தைக் கடிக்கும். நாலு மூட்டை மணல் வை, ஏப்ரல் வரைக்கும் தொடாத எண்டு சொன்னனான். அறுபது இறாத்தல் மூட்டை. இந்தக் கராஜிலதான், எனக்கு முன்னால வைச்சு, மேல மூடித் தறப்பாளும் இழுத்துக் கட்டினவன். இங்க எல்லாரும் செய்யிறதுதான். பனிக்காலத்தில பிக்கப்புக்குள்ள மணலைக் கண்டா அது மணல் இல்லை ஐயா, பாரம்."

எழுதிக்கொண்டேன். அறுபது இறாத்தல் என்றால் இருபத்தேழு கிலோ. நான்கு மூட்டைகள் நூற்றெட்டுக் கிலோ.

தேநீர் தந்தார். பாதி குடித்தேன். இன்னும் கேட்க இருந்தது; நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். செந்தூரனுக்கு வண்டி வரும் வரை ஓட்டட்டும் என்று தன் பழைய காரின் திறப்பை என்னிடமே தந்துவிட்டார். விலா நோவு ஆறும் வரை சுகிர்தா ஓட்டுவாள்.

ஜனவரி 26, ஞாயிறு

நாள் முழுவதும் பனி. டிபரன்சியல்களைப் பற்றி இணையத்தில் படித்தேன். அந்தத் தட்டுகளுக்குச் சாதாரண எண்ணெய் போதாதாம். கூடவே ஒரு சேர்மானமும் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் தட்டுகள் ஒட்டிப் பிடிக்கும், பின்சில்லுகள் திடீரென இறுகும். குகதாசன் அதை ஊற்றினாரா என்பது உறுதியாகவில்லை. இது முக்கியமான கேள்வி என்று குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 27, திங்கள்

டுவால் மீண்டும் வந்தார். சமையலறை மேசையில் நான்கு பேரும் இருந்தோம். படங்கள் கொண்டுவந்திருந்தார். பிக்கப்பின் பின்பெட்டி வெறுமையாக இருந்தது. தறப்பாள் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலத்தில், பின்பெட்டியில் நான்கு மணல் மூட்டைகள் இருந்தன என்று செந்தூரன் சொல்லியிருக்கிறார்.

"மூட்டைகள் பறந்து விழுந்திருந்தால் மணல் சிதறியிருக்கும்" என்றார் டுவால். "வெள்ளைப் பனியில் பழுப்பு மணல். தெரியாமல் போகாது. எங்களுக்கு ஒரு கைப்பிடிகூடக் கிடைக்கவில்லை."

"இருந்தன. நவம்பரில் வைத்தேன். எடுக்கவே இல்லை."

"கடைசியாக எப்போது தறப்பாளைத் திறந்து பார்த்தீர்கள்?"

செந்தூரன் யோசித்தார். "கிறிஸ்மசுக்கு முதல்."

டுவால் அதை எழுதினார். பிறகு, கோபமில்லாமல்தான், மணலைப் பற்றிச் சொன்னது சரியில்லை என்றால் ஐம்பது கிலோமீற்றர் வேகம் என்று சொன்னதையும் தான் எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டார். செந்தூரனின் காதுகள் சிவந்தன. அவர் பொய் சொல்பவர் இல்லை. இதற்கு ஆதாரம், ஒன்பது வருடம் அவருடன் வாழும் என் மகள்.

டுவால் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஏதாவது தெரியுமா, ஐயா?"

நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டேன். நவம்பரில் டிபரன்சியல் மாற்றியபோது சரியான எண்ணெயும் சேர்மானமும் ஊற்றப்பட்டதா என்று பார்த்தீர்களா என்றேன். தட்டுகள் ஒட்டிப் பிடித்தால் என்ன நடக்கும் என்பதையும் விளக்கினேன். என் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். அவர் கவனமாகக் கேட்டு, கராஜின் பெயரை எழுதிக்கொண்டு, பின்னச்சைக் கழற்றிச் சட்பரி நகரில் ஒரு பரிசோதகரிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

"நல்ல கேள்வி மாமா" என்றார் செந்தூரன், அவர் போன பிறகு.

ஜனவரி 28, செவ்வாய்

படிக்கு உப்புப் போட்டேன். உப்பு மணல் மாதிரி இல்லை. காலுக்குப் பிடி கிடைக்கவில்லை.

ஜனவரி 29, புதன்

மறை 24 பாகை, காற்று இல்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு செந்தூரன் மண்வெட்டியை எடுத்தார். குகதாசனின் காரைத் தானே ஓட்டினார். கேட்காமலே நானும் ஏறினேன்.

ஏரி வளைவில் பள்ளம் இடுப்பளவுப் பனியால் நிரம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கொட்டிய பனி. வண்டி கிடந்த இடம் வெறும் குழிவாகத் தெரிந்தது. அவர் அதன் கீழ் ஓரத்திலிருந்து தோண்டத் தொடங்கினார்.

"ஒரு மூட்டை கிடைச்சாப் போதும் மாமா. ஒண்டே ஒண்டு. கொண்டுபோய் அந்தப் பொலிஸ் மனுசியின்ர மேசையில வைப்பன்."

"நெஞ்சு நோகேல்லையே?"

"நோகுதுதான். நீங்கள் காருக்குள்ள இருங்கோ. விறைச்சுப் போவியள்."

நான் வெளியில்தான் நின்றேன். தேநீர்ப் போத்தல் என் கையில் இருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் சாய்ந்தார். நடுவில் ஒரு முறை ஏறி வந்து, தன் கையுறைக்குள் கதகதப்புக்கு வைத்திருந்த சூட்டுப் பையை எடுத்து என் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு மீண்டும் இறங்கினார்.

இரண்டு மணி பத்து நிமிடம். ஏறக்குறைய நான்கு மீற்றர் நீளம், மூன்று மீற்றர் அகலம். கிடைத்தவை: பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடித் துண்டு ஒன்று, ஒரு ஸ்பானர், தறப்பாளின் கயிறு. மணல் இல்லை.

"ஆரோ களவெடுத்திருக்க வேணும்" என்றார், காரில் ஏறும்போது. "ஆனா மணலை ஆர் மாமா களவெடுப்பான்?"

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். ஆறிப்போயிருந்தது. குடித்தார்.

பெப்ரவரி 1, சனி

பின்னச்சு சட்பரிக்குப் போய்விட்டது. ஆதாரம்: டுவால், தொலைபேசியில். பரிசோதனைக்கு இரண்டு கிழமை எடுக்குமாம்.

சுகிர்தா தொட்டில் பெட்டியைத் தேடி நிலவறைக்கு இறங்கினாள். நெடுநேரம் மேலே வரவில்லை. தொட்டில் இல்லாமல்தான் வந்தாள்.

"அப்பா, நீங்கள் மணல் அள்ளுற வாளி எங்கை?"

"படிக்குக் கீழை."

"சரி."

நிலவறைத் தட்டு ஒன்றில் பழைய பத்திரிகைகள், மடித்த பைகள் என்று என் பொருள்கள் சில இருக்கின்றன. நான் எதையும் எறிவதில்லை.

பெப்ரவரி 4, செவ்வாய்

குகதாசன் தன் காருக்கு எண்ணெய் பார்க்க என்று வந்தார். எண்ணெய் பார்த்து முடிந்த பிறகும் போகவில்லை.

"ஐயா, உங்கட கேள்வி நல்லா வேலை செய்யுது. இருவத்திரண்டு வருசமா இந்த ஊரில கராஜ் வைச்சிருக்கிறன், என்ர எண்ணெய்ப் போத்தலை ஆரும் பாக்கக் கேட்டதில்லை. நேற்றுப் பொலிஸ் வந்து பெட்டியோட கொண்டு போயிட்டுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பொலிஸ் வாகனம் கராஜ் வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறது. ஊர் சிறியது. வண்டி கொண்டுவருவதாகச் சொன்ன மூன்று பேர் இன்று வரவில்லை.

"எனக்குக் கோபமில்லை. மருமகனுக்காகக் கேக்கிறியள். நானெண்டாலும் கேட்டிருப்பன்."

அவர் போன பிறகு இதை எழுதுகிறேன். எங்கள் பத்திரிகையில் ஒரு வழக்கம் இருந்தது. பிழை எந்தப் பக்கத்தில் வந்ததோ, திருத்தம் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், எழுதியவர் பெயருடன் வர வேண்டும். ஒருமுறை நான் ஒரு கூட்டுறவுச் சங்க முகாமையாளரின் பெயரை மோசடிச் செய்தியில் குற்றவாளியின் பெயராக மாற்றி எழுதிவிட்டேன். மறுநாளே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் வந்து முறையிடட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முறையிடவில்லை. பதினோராம் நாள் நானே திருத்தம் எழுதினேன். அதற்குள் அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போயிருந்தார்.

விபத்துக்குப் பின் இன்று பதின்மூன்றாம் நாள்.

பெப்ரவரி 5, புதன்

எழுதவில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

உறுதியானது: ஜனவரி 22 அன்று விபத்து நடந்தபோது பிக்கப்பின் பின்பெட்டியில் மணல் மூட்டை எதுவும் இருக்கவில்லை. டிசம்பர் 28 முதல் ஜனவரி 21 வரை, ஆறு நாளுக்கு ஒரு மூட்டை என்ற கணக்கில், நான்கு மூட்டை மணலும் வீட்டு வாசற்படியில் தூவப்பட்டுவிட்டன. ஆதாரம்: நான்.

எப்படி என்பதையும் எழுத வேண்டும். காலை ஓட்டம் முடிந்து செந்தூரன் பத்தரைக்கு வந்து ஒரு மணி வரை தூங்குவார். அந்த நேரத்தில் தறப்பாளின் ஒரு மூலையை அவிழ்ப்பேன். மணல் கட்டிபட்டிருக்கும், சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் உடையும். வாளியில் அள்ளிக்கொண்டு மூலையை மறுபடி கட்டிவிடுவேன். வெறுமையான மூட்டையை மடித்து நிலவறையில் வைப்பேன். பனிக்காலத்தில் ஒருவர் வண்டியில் மணல் வைத்திருந்தால் அது வழுக்கும் இடத்தில் தூவத்தான் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் மணலுக்கு உள்ள வேலை வீடு கட்டுவது. அது பாரமாக இருப்பதற்கென்றே அங்கே கிடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முப்பத்துநான்கு வருடம் கேள்வி கேட்டுச் சீவித்தவன் அந்த ஒன்றைக் கேட்கவில்லை.

ஜனவரி 25 காலை பதினொன்றரைக்கு, குகதாசனின் கராஜில், எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததற்கு அறியாமை காரணமில்லை.

இன்று காலை நான்கு வெறும் மூட்டைகளையும் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தேன். செந்தூரன் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, மணலை எடுத்தது நான்தான். படிக்குத் தூவினன். நாலு மூட்டையும்."

அவர் ஒரு மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். அதன் மடிப்பை விரித்தார். மேசையில் கொஞ்சம் மணல் உதிர்ந்தது.

"எப்ப தெரியும் மாமா?"

"குகதாசன் சொன்ன அண்டைக்கு. சனிக்கிழமை."

"நான் தோண்டினது புதன்கிழமை."

"ஓம்."

"பக்கத்தில நிண்டனீங்கள்."

"ஓம் தம்பி."

அவர் எழுந்து, கோட்டுப் போடாமல், படியில் போய் நின்றார். கண்ணாடிக் கதவு வழியே முதுகு தெரிந்தது. சுகிர்தா கோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் போர்த்திவிட்டுத் திரும்பி வந்தாள். மேசையில் உதிர்ந்த மணலைத் துடைக்கவில்லை.

"நான் போன சனிக்கிழமை தொட்டில் தேடேக்கை பாத்திட்டன்" என்றாள். "தட்டில, உங்கட பேப்பருகளுக்குப் பக்கத்தில. நாலும் அயன் பண்ணின மாதிரி."

"ஏன் பிள்ளை சொல்லேல்ல?"

"நீங்கள் சொல்ல வேணும் அப்பா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாத்திருப்பன், பிறகு நானே சொல்லியிருப்பன். நாளைக்கு வெள்ளிக்கிழமை." பிறகு, "அந்தப் படியால நடந்தது நான்தானே. மணல் எங்கால வருகுது எண்டு நானும் ஒருநாளும் கேக்கேல்ல" என்றாள்.

பெப்ரவரி 7, வெள்ளி

பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். சுகிர்தா கூட்டிப்போனாள். நான்கு மூட்டைகளையும் ஒப்படைத்தேன். டுவால் தட்டச்சுச் செய்தார். நான் வாசித்து இரண்டு இடங்களில் திகதியைத் திருத்தினேன்.

"ஜனவரி 27 அன்று நான் உங்களிடம் கேட்டேன்" என்றார்.

"கேட்டீர்கள்."

"நீங்கள் எண்ணெயைப் பற்றிச் சொன்னீர்கள்."

"உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்காக அதைக் கேட்டேன். கராஜ்காரர் மீது சந்தேகப்பட எனக்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை. இதையும் எழுதுங்கள்."

எழுதினார். கையொப்பம் இட்டேன்.

திரும்பும் வழியில் குகதாசனிடம் இறங்கினேன். அவர் ஒரு வண்டியின் கீழே படுத்திருந்தார். தள்ளுபலகையில் வெளியே வந்து, படுத்தபடியே கேட்டார். மணலைப் பற்றிச் சொன்னபோது பெரிதாகச் சிரித்தார்.

"உங்களுக்கு என்னெண்டு தெரியும் ஐயா? நான் வந்த புதிசில, ஐஸ் கட்டின கார்க் கண்ணாடிக்குச் சுடுதண்ணி ஊத்தி வெடிக்க வைச்சனான். அது ஒண்டுமில்லை."

பிறகு எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். தெரிந்துகொண்டே கேட்டேன் என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. கை எண்ணெயைத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"அதுதான் ஐயா பிழை" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிக்குக் கீழே போனார்.

பெப்ரவரி 11, செவ்வாய்

செந்தூரன் தேவைக்கு மேல் என்னுடன் பேசுவதில்லை. தேவைக்குப் பேசுகிறார். "மாமா, குளிசை போட்டியளே?" "மாமா, கதவு பூட்டிக் கிடக்கோ?" மரியாதை குறையவில்லை. அதுவே பெரிய தூரமாக இருக்கிறது.

காரில் வந்த பெண் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். ஆதாரம்: உள்ளூர்ப் பத்திரிகை, நான்காம் பக்கம். அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்றாவது பிரதியைத்தான் அனுப்பினேன். முதல் இரண்டிலும் விளக்கம் அதிகமாக இருந்தது. டுவாலிடம் கொடுத்தேன், அந்தப் பெண்ணின் வழக்கறிஞர் அனுமதித்தால் சேர்ப்பிப்பதாகச் சொன்னார்.

உப்பும் முடிகிறது. கவனயீனமாக நடந்து நானே இன்று படியில் சறுக்கினேன். கைப்பிடி இருந்ததால் விழவில்லை. வீட்டில் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று எழுதியபின், எழுந்து போய்ச் சொன்னேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

உறுதியானது: பிக்கப்பின் டிபரன்சியலில் பழுது எதுவும் இல்லை. தட்டுகள் அளவுக்குள் இருந்தன, எண்ணெய் சரியானது, சேர்மானம் ஊற்றப்பட்டிருந்தது. ஆதாரம்: பரிசோதகரின் அறிக்கை. டுவால் காலை 9.40-க்குத் தொலைபேசியில் வாசித்தார். கராஜ்காரருக்கும் இன்று எழுத்தில் அறிவிக்கிறார்களாம். அதற்குக் காத்திராமல் நான் நடந்தே போய்க் குகதாசனிடம் சொன்னேன். "எனக்குத் தெரிஞ்சதுதானே" என்றார். தேநீர் தந்தார். முழுவதும் குடித்தேன்.

நூற்றெட்டுக் கிலோவும் அச்சின் மேல் இருந்திருந்தால் வால் வழுக்கியிருக்காதா? பரிசோதகரிடம் டுவால் இதைக் கேட்டிருக்கிறார். பிடிமானம் கூடியிருக்கும், போதுமா என்று சொல்ல முடியாது என்பது அவர் பதில். குகதாசனிடமும் கேட்டேன். "இருந்திருந்தா வழுக்காது எண்டு சத்தியம் பண்ண மாட்டன். இல்லாட்டி வழுக்கும் எண்டது கண் முன்னால கிடக்கு." இதற்கு மேல் உறுதியாகப் போவதில்லை. நான் இதனுடன்தான் இருக்க வேண்டும்.

என் வாக்குமூலத்துக்குப் பிறகு, செந்தூரன் தான் அறிந்தவரை உண்மையே சொன்னார் என்று கோப்பில் குறித்திருக்கிறார்கள். இது டுவால் தானாகச் சொன்னது, நான் கேட்கவில்லை. செந்தூரனிடம் அதைச் சொன்னபோது தலையை ஆட்டினார். பிறகு வெளியே போய்விட்டார்.

பிற்பகலில் கதவைத் திறந்தபோது கீழ்ப்படியின் அருகே இரண்டு மணல் மூட்டைகள் இருந்தன. அறுபது இறாத்தல், அதே வகை. இரண்டிலும் கறுப்பு மார்க்கரால் தமிழில் எழுதியிருந்தது: "படிக்கு. மாமா எடுக்கலாம்." கையெழுத்து செந்தூரனுடையது. நான் வாளியை எடுத்து வந்து மேல்படியிலிருந்து கீழ்ப்படிவரை தூவினேன்.

இன்னும் தெரிய வேண்டியவை. கவனயீனமாக ஓட்டிய வழக்கு பதிவாகுமா என்பது: மார்ச் 12, புதன், ஆதாரம் டுவால். பஸ் வேலையைப் பற்றிக் கம்பனி அதற்குப் பிறகுதான் பேசும். ஓர்கன் வாசிப்பவரின் மணிக்கட்டுக் கட்டை மார்ச் 5 அன்று பிரித்துப் பார்ப்பார்கள்; என் கடிதத்துக்குப் பதில் இன்னும் இல்லை. சுகிர்தாவுக்குப் பிரசவம் மார்ச் 24 என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

மணல் ஆறு நாளுக்கு ஒரு மூட்டையாக முடியும். இரண்டும் முடிந்ததும் நான் செந்தூரனிடம் போய், மணல் முடிந்துவிட்டது, எங்கிருந்து எடுக்கலாம் என்று கேட்க வேண்டும். அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எதிர்பார்க்கும் திகதி: மார்ச் 1, சனி.